செல் இல்லாத குடுவை

புனே நகரின் ஆய்வகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்த மாணவி ஒருத்திக்கு முதல் வாரத்தில் செல்கள் தரப்படவில்லை. செல்களே இல்லாத ஐந்து குடுவைகள் தரப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஐந்து மில்லிலிட்டர் செந்நிற வளர்ப்பு ஊடகம். ஆன்டிபயாடிக் ஒரு துளியும் சேர்க்கப்படாதது. நாள்தோறும் ஒருமுறை குடுவையைத் திறக்க வேண்டும்; பாதி ஊடகத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும்; மூடி, 37 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள இன்குபேட்டருக்குள் வைக்க வேண்டும். "ஒரு வாரம் இவற்றைத் தெளிவாக வைத்திரு. பிறகு செல்களைப் பார்க்கலாம்" என்றார் பயிற்சி அளித்த மூத்த ஆய்வாளர். ஆய்வகத்தில் எல்லோரும் அவரை 'தீதி' என்றே அழைத்தனர்.

மூன்றாம் நாள் காலையில் இரண்டு குடுவைகள் மஞ்சளாகிக் கலங்கிக் கிடந்தன. "ஊடகப் புட்டியிலேயே ஏதோ இருந்திருக்க வேண்டும்" என்றாள் மாணவி. தீதி பதில் சொல்லவில்லை. தெளிவாக இருந்த மூன்று குடுவைகளையும் எடுத்துவந்து, கலங்கிய இரண்டின் அருகில் வரிசையாக வைத்தார். ஐந்துக்கும் ஊடகம் ஒரே புட்டியிலிருந்து ஊற்றப்பட்டது. அதற்கு மேல் பேச்சு எழவில்லை. ஐந்து புதிய குடுவைகள் வந்தன. வாரம் மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்கியது.

ஊடகத்தின் சிவப்பு நிறம் ஃபீனால் ரெட் என்னும் நிறங்காட்டியால் வருவது. பிஹெச் 7.4 என்னும் அளவில் அது சிவப்பாக இருக்கும். அமிலம் மிகுந்தால் ஆரஞ்சு நிறத்துக்கும் பிறகு மஞ்சளுக்கும் இறங்கும்; காரம் மிகுந்தால் ஊதா கலந்த இளஞ்சிவப்புக்கு ஏறும். குடுவையைத் திறக்காமலேயே உள்ளே நடப்பதை ஓரளவு சொல்லிவிடும் நிறம் அது. செல்கள் இல்லாத குடுவை மஞ்சளானால் அதற்குப் பொருள் ஒன்றுதான்: அழைக்காத யாரோ உள்ளே உண்டு கொழுக்கிறார்கள்.

நுண்ணுயிர் புகாமல் காக்கும் இந்த முறைக்கு இத்தனை கெடுபிடி ஏன் என்பதை ஒரு சிறு கணக்கு விளக்கிவிடும். மனித செல் ஒன்று இரண்டாவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். நல்ல உணவும் வெப்பமும் கிடைத்த பாக்டீரியாவுக்கு 20 நிமிடம் போதும். ஒரே ஒரு பாக்டீரியா உள்ளே விழுந்தால் ஏழு மணி நேரத்தில் அது 21 முறை இரட்டித்து 20 லட்சத்தைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் செல் தன் முதல் பிளவைக்கூட முடித்திருக்காது. உடலுக்குள் இருக்கும்போது செல்லைக் காக்கத் தோல் உண்டு, கோழை உண்டு, குருதியில் வெள்ளணுக்கள் உண்டு. குடுவைக்கு வந்துவிட்ட செல்லுக்கு இவற்றில் எதுவும் இல்லை. அதைச் சுற்றி இருப்பது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கன்றின் கருவிலிருந்து பெற்ற சீரமும் கலந்த இனிய திரவம். எந்த நுண்ணுயிருக்கும் அது விருந்து. ஆகவே அந்தச் செல்லின் தோலாகவும் வெள்ளணுவாகவும் இருக்க வேண்டியது அதைக் கையாளும் கைதான்.

அந்தக் கையைப் பழக்குவதற்குத்தான் முதல் மாதம் முழுவதும் செலவாயிற்று. முதுகலைப் படிப்பில் ஸ்பிரிட் விளக்கின் சுடரருகே பாக்டீரியா வளர்த்துப் பழகியவள் அவள். இங்கே சுடர் கிடையாது. பயோசேஃப்டி கேபினட்டுக்குள் வடிகட்டப்பட்ட காற்று மேலிருந்து ஒரு விரிப்பைப் போல ஒரே சீராக இறங்கிக்கொண்டிருக்கும். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடித்துவிடும் ஹெப்பா வடிகட்டி வழியே வரும் காற்று அது. சுடர் அந்த ஓட்டத்தைக் கலைத்துவிடும். முன்புறத்தில் கம்பியழி போன்ற துளைகள் உண்டு. அறையின் காற்று அந்தத் துளைகளுக்குள் இழுக்கப்பட்டுவிடுவதால் வேலை நடக்கும் இடத்தை எட்டுவதில்லை. அதன்மேல் குறிப்பேட்டை வைத்தால் அந்தக் காற்றுத்திரை கிழியும். கையைப் பக்கவாட்டில் வீசினாலும், வெளியே எடுத்து உடனே உள்ளே நுழைத்தாலும் கிழியும். கண்ணுக்குத் தெரியாத திரை ஒன்று தன் முழங்கைக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதைக் கை நம்பப் பல நாட்கள் ஆயின.

எழுபது விழுக்காடு எத்தனாலின் செய்தியும் அப்படித்தான். தூய எத்தனால் இன்னும் வலிமையாகக் கொல்லும் என்று தோன்றும்; கொல்லாது. நீர் இல்லாத எத்தனால் நுண்ணுயிரின் மேற்புறப் புரதங்களைச் சட்டென்று உறையவைத்து விரைவில் ஆவியாகிவிடும். நீர் கலந்தது உள்ளே ஊடுருவும், சற்று நேரம் தங்கியும் நிற்கும். தெளித்தவுடன் துடைத்துவிடும் அவசரக்காரர்களுக்கு அந்த எத்தனாலும் உதவாது. இவை எல்லாவற்றையும் அவள் நூல்களில் படித்திருந்தாள். படித்ததைக் கை கற்றுக்கொள்வது வேறு வேலை. திறந்த புட்டியின் வாய்க்கு மேலே கை குறுக்கே போகக்கூடாது; மூடியைக் கையில் பிடித்திருக்க வேண்டும், கீழே வைக்க நேர்ந்தால் எப்படி வைப்பது என்பதையும் யோசித்து வைக்க வேண்டும்; பிப்பெட்டின் நுனி எங்கேனும் பட்டதா என்ற ஐயம் எழுந்தால், பட்டது என்றே கொண்டு எறிந்துவிட வேண்டும். ஐயத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்பது நீதிமன்ற நெறி. இங்கே ஐயத்தின் பலன் குப்பைத் தொட்டிக்கு.

ஊரில் அவளுடைய பாட்டி ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக்கரண்டி போடவிட்டதில்லை. இரவில் உறை ஊற்றும் மோரை வேறு எதற்கும் எடுக்கவிட்டதும் இல்லை. நேற்றைய தயிரிலிருந்து ஒரு கரண்டி இன்றைய பாலுக்கு. இன்றையதிலிருந்து ஒரு கரண்டி நாளைக்கு. குடுவை நிரம்பியதும் செல்களில் ஒரு பங்கை எடுத்துப் புதுக் குடுவைக்கு மாற்றும் வேலையைத் தீதி முதன்முதலில் செய்துகாட்டியபோது, இது உறை ஊற்றுதல் அல்லவா என்று அவளுக்குத் தோன்றிற்று. ஒரு வேறுபாடு உண்டு. தயிர் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். அதன் நுண்ணுயிர்கள் சுரக்கும் அமிலமே பிறரை விரட்டிவிடும். செல்லுக்கு அந்தத் திறமையும் இல்லை.

பாட்டியின் சமையலறையில் இன்னொன்றும் இருந்தது. அதன் பெயர் மடி. குளித்து ஈரச்சேலை உடுத்தியபின் யாரும் தொடக்கூடாது. வேலைக்கு வரும் பெண்ணுக்குக் கொல்லைப்புறத்தில் தனி டம்ளர். ஆய்வகத்தின் கையுறையையும் எத்தனாலையும் முதலில் பார்த்தபோது, இதுவும் ஒருவகை மடிதானே என்று அவள் வேடிக்கையாகச் சொன்னதுண்டு. அந்த வேடிக்கை நெடுநாள் நீடிக்கவில்லை. ஆய்வகத்தின் கண்ணாடிப் புட்டிகள் எல்லாவற்றையும் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் அலசி, தாளில் பொதிந்து, 121 பாகை வெப்பத்திலும் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்திலும் ஆட்டோகிளேவில் வைத்து எடுப்பவர் ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி. மராத்திய வழக்கப்படி எல்லோருக்கும் அவர் 'மாவ்ஷி'. சித்தி என்பது போன்ற சொல். புட்டியின் மூடியை இறுக்கி வைத்து ஆட்டோகிளேவில் ஏற்றக்கூடாது, நீராவி உள்ளே போகாது, புட்டி வெடிக்கவும் கூடும் என்பதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். வெப்பம் பட்டால் கோடுகள் கறுக்கும் காகிதப்பட்டை கறுக்காத பொதியை எத்தனை பெரிய பேராசிரியர் கேட்டாலும் தரமாட்டார். அந்த ஆய்வகத்தின் தூய்மை முழுவதும் அவர் கையிலிருந்து தொடங்கிற்று. ஊரில் அந்தக் கைக்குத்தான் தனி டம்ளர்.

இரண்டுக்கும் உள்ள தொலைவை அவள் மெல்ல மெல்லவே அளந்தாள். மடி, தொட்டவர் யார் என்று கேட்கும். நுண்ணுயிர் புகா முறை, தொட்டது எதை, எப்போது, அதன்பின் எதைத் தொட்டது என்று மட்டுமே கேட்கும். பாக்டீரியாவுக்குக் குலம் தெரியாது. ஆய்வகத் தலைவரின் விரலும் மாவ்ஷியின் விரலும் அதற்கு ஒரே மேய்ச்சல் நிலம். மடி பிறரைக் குற்றவாளி ஆக்கும். இந்த முறையில் முதல் ஐயம் எப்போதும் தன் கையின் மீதே விழ வேண்டும். முதல் வாரத்தில் ஊடகப் புட்டியின் மீது அவள் பழி போட்டபோது இந்தப் பாடத்தைத்தான் தவறவிட்டிருந்தாள். அது புரிய மேலும் ஓராண்டு ஆயிற்று.

இந்தத் துறைக்கே அந்தப் பாடம் எளிதில் வாய்க்கவில்லை. 1907இல் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்புத் திசுவை ஒரு துளி நிணநீரில் தொங்கவிட்டு, உடலுக்கு வெளியே நரம்பிழை வளர்வதைக் கண்டார். செல் வளர்ப்பின் தொடக்கம் என்று அதையே சொல்வர். அடுத்து வந்த அலெக்சிஸ் காரெல் அறுவை மருத்துவர்; குருதிக் குழாய்களைத் தைக்கும் முறைக்காக 1912இல் நோபல் பரிசு பெற்றவர். அறுவைக்கூடத்தின் தூய்மையை அவர் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே உதவியாளர்கள் கறுப்பு அங்கியும் முக்காடும் அணிந்து வேலை செய்தனர். செல் வளர்ப்பு என்பது தீட்சை பெற்றவர்களுக்கு மட்டுமே கைவரும் மந்திரம் என்ற எண்ணம் அப்போது பரவிற்று. 1912இல் அவர் தொடங்கிய கோழிக்கரு இதயத் திசுவின் வளர்ப்பு 34 ஆண்டுகள் நீடித்தது. அவர் மறைந்த பின்னும் தொடர்ந்து, 1946இல் நிறுத்தப்பட்டது. செல்கள் சாவற்றவை என்று உலகம் நம்பிற்று.

1961இல் லியோனார்டு ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் அந்த நம்பிக்கையை உடைத்தனர். இயல்பான மனித செல்கள் சுமார் 50 முறை இரட்டித்தபின் பிளவை நிறுத்திவிடும் என்று அவர்கள் காட்டினர். அப்படியானால் காரெலின் திசு எப்படி 34 ஆண்டுகள் வாழ்ந்தது? உணவாக ஊற்றப்பட்ட கோழிக்கருச் சாற்றுடன் புதிய உயிர்ச்செல்களும் சேர்ந்து போயிருக்க வேண்டும் என்பது பலர் சொல்லும் விளக்கம். அது உறுதியாக மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் அந்த ஐயம் சொல்லும் செய்தி கனமானது. கறுப்பு அங்கி பாக்டீரியாவைத் தடுத்தது. விரும்பிய முடிவு தானாக வந்து சேரும்போது 'இது எங்கிருந்து வருகிறது' என்று கேட்கும் பழக்கத்தை எந்த அங்கியாலும் தந்துவிட முடியவில்லை.

மாணவிக்குச் செல்கள் கிடைத்தது ஐந்தாவது வாரத்தில். அதற்குப் பிறகு வந்த மாதங்கள் மகிழ்ச்சியானவை. டிரிப்சின் ஊற்றிய இரண்டாம் மூன்றாம் நிமிடத்தில், தரையோடு ஒட்டிப் படர்ந்திருந்த செல்கள் விளிம்பை உள்ளிழுத்து உருண்டையாகி ஒவ்வொன்றாகக் கழன்று மிதப்பதை நுண்ணோக்கியில் காண்பது அவளுக்கு அலுக்கவே இல்லை. டிரிப்பான் புளூவில் இறந்த செல் நீலமாகும், உயிருள்ளது சாயத்தை உள்ளே விடாமல் ஒளிரும். எண்ணும் கண்ணாடியின் கட்டங்களில் அவற்றை எண்ணக் கற்றாள். பத்து விழுக்காடு டிஎம்எஸ்ஓ சேர்த்து மெதுவாக உறையவைத்து, மைனஸ் 196 பாகையில் திரவ நைட்ரஜனுக்குள் இறக்கி வைக்கவும், எடுக்கும்போது விரைவாக உருக்கவும் கற்றாள். ஜூலை மழையில் புனேயின் சுவர்களெல்லாம் பூஞ்சை பூக்கும் நாட்களிலும் அவள் குடுவைகள் தெளிவாக இருந்தன. கை பழகிவிட்டது என்று அவளே நம்பத் தொடங்கினாள்.

அடுத்த ஆண்டு மே மாதத்தில் தீதியின் செல்கள் காரணமின்றி மந்தமாயின. ஊடகம் தெளிவாகவே இருந்தது, நிறமும் மாறவில்லை. ஆனால் மூன்று நாளில் நிரம்ப வேண்டிய குடுவை ஐந்து நாளாகியும் நிரம்பவில்லை. மருந்துக்குச் செல்கள் காட்டிய எதிர்வினை முன்புபோல் இல்லை. தீதி தன் கணக்கைச் சரிபார்த்தார், புதிய சீரம் வாங்கினார், இன்குபேட்டரின் கார்பன் டை ஆக்சைடு அளவு 5 விழுக்காடுதானா என்று தனிக் கருவியால் அளந்தார். இறுதியில் டிஎன்ஏவுடன் ஒட்டி நீலமாக ஒளிரும் ஹோக்ஸ்ட் சாயத்தை இட்டுப் பார்த்தபோது, உட்கரு மட்டும் ஒளிர வேண்டிய செல்லின் உடல் முழுவதும் நீலப்பொடி தூவியது போல் மின்னிற்று. பிசிஆர் சோதனையும் அதையே சொன்னது: மைக்கோபிளாஸ்மா.

மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவில் மிகச் சிறியது. செல்சுவர் இல்லாததால் பெனிசிலினுக்கு அதில் தாக்க இடமே இல்லை. உடல் நெகிழ்வதால் பாக்டீரியாவை நிறுத்தும் நுண்வடிகட்டிகளையும் சில வேளைகளில் கடந்துவிடும். ஒரு மில்லிலிட்டரில் கோடிக்கணக்கில் பெருகினாலும் ஊடகம் கலங்காது. செல்லைக் கொல்லாமல் அதன் உணவைப் பங்கிட்டுக்கொண்டு, அதன் வளர்ச்சியையும் மரபணுக்களின் வேலையையும் சத்தமின்றி மாற்றிவிடும். இதனால்தான் ஆன்டிபயாடிக்கை நாள்தோறும் ஊற்றும் வழக்கத்தைத் தீதி வெறுத்தார். கலங்கும் நுண்ணுயிரை அது அடக்கிவைக்கும். கலங்காததை உள்ளேயே வளரவிடும். கையின் பிழையைக் கைக்கே தெரியாமல் மறைத்துவிடும்.

இன்குபேட்டர் ஐந்து பேருக்குப் பொது. எல்லோருடைய குடுவைகளும் சோதிக்கப்பட்டன. ஐந்து பேரில் நால்வருடையவை தொற்றுடன் இருந்தன. ஜனவரியில் உறையவைத்த குப்பிகள் தூய்மையாக இருந்தன. மே மாதத் தொடக்கத்தில் உறையவைத்தவற்றில் தொற்று இருந்தது. இடைப்பட்ட நான்கு மாதங்களில் எப்போது நுழைந்தது என்பதற்குச் சான்று இல்லை. தீதியின் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் முழுவதும் அந்த நான்கு மாதங்களில் செய்தது. தொற்று எங்கிருந்து வந்தது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லோரும் மாவ்ஷியின் புட்டிகளைப் பற்றியும் புதிய சீரத்தைப் பற்றியும் பேசினர். ஆட்டோகிளேவின் பதிவேட்டைச் சரிபார்க்கச் சொல்லி அவருக்கு ஆள் போயிற்று. அவர் ஒன்றும் சொல்லாமல் நான்கு மாதத்தின் கறுத்த காகிதப்பட்டைகளை, தேதி வாரியாக ஒட்டி வைத்திருந்த குறிப்பேட்டோடு எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

அந்தக் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மாணவிக்கு ஏப்ரல் மாதத்து மாலை ஒன்று நினைவுக்கு வந்தது. பக்கத்து ஆய்வகத்துத் தோழியிடமிருந்து அவள் ஒரு குடுவை செல்கள் வாங்கிவந்திருந்தாள். வெளியிலிருந்து வரும் செல்கள் இரண்டு வாரம் தனி இன்குபேட்டரில் காத்திருக்க வேண்டும். சோதனை முடிந்தபின்னரே பொது இன்குபேட்டருக்குள் போகலாம். தனி இன்குபேட்டர் அன்று பழுதாகிக் கிடந்தது. ஓர் இரவுதானே என்று பொது இன்குபேட்டரின் கீழ்த்தட்டில் வைத்தாள். ஓர் இரவு ஒரு வாரமாயிற்று. அந்தச் செல்கள் சரியாக வளராததால் எறிந்துவிட்டாள். குறிப்பேட்டில் எழுதவில்லை. தோழியும் ஊரை விட்டுப் போய்விட்டாள். அவள் சொல்லாவிட்டால் இது எவருக்கும் தெரியப்போவதில்லை.

அன்றிரவு அவள் படித்துக்கொண்டிருந்தது ஹீலா செல்களின் கதை. 1951இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணியின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து, அவருடைய இசைவைக் கேட்காமலே எடுக்கப்பட்ட செல்கள் அவை. ஜார்ஜ் கையின் ஆய்வகத்தில் அவை நிற்காமல் வளர்ந்தன. அதே ஆண்டு அக்டோபரில் அவர் இறந்தார். செல்கள் உலகெங்கும் பரவின. 1966இல் பென்சில்வேனியாவின் பெட்ஃபோர்டில் கூடிய செல் வளர்ப்பாளர்களின் மாநாட்டில் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர் பேசினார். பல்வேறு திசுக்களிலிருந்து தனித்தனியே தோன்றியவை என்று நம்பப்பட்ட பல மனித செல் வழிகளில் ஒரே நொதி வகையைக் கண்டதாக அவர் சொன்னார். ஆப்பிரிக்க வழியினரிடம் மட்டுமே பெரும்பாலும் காணப்படும் வகை அது. ஆனால் அந்தச் செல் வழிகளில் சில வெள்ளையரிடமிருந்து பெறப்பட்டவை எனப் பதிவாகியிருந்தன. அவை அனைத்தும் ஹீலாவே என்பது அவர் முடிவு. எங்கோ ஒரு பிப்பெட் இரண்டு புட்டிகளுக்குப் போயிருக்கிறது. எங்கோ ஒரு துளி தெறித்திருக்கிறது. அந்தச் செய்தியை ஏற்க அவையில் பலருக்கு மனம் வரவில்லை. ஆண்டுக்கணக்கான ஆய்வுகள் வேறொரு பெண்ணின் புற்றின்மீது செய்யப்பட்டவை என்று ஒப்புக்கொள்வது எளிதன்று. பொய்ப்பெயர் தாங்கிய செல் வழிகளின்மீது அதன் பிறகும் நெடுங்காலம் கட்டுரைகள் எழுதப்பட்டுக்கொண்டேயிருந்தன.

அவளை உறுத்தியது அந்தத் துளி இல்லை. துளி எவர் கையிலிருந்தும் தெறிக்கும். தெறித்த அன்றைக்கு யாரோ ஒருவருக்கு ஒரு கணம் ஐயம் எழுந்திருக்கும். அந்த ஒரு கணத்தை எழுதி வைத்திருந்தால் பின்னால் வந்த அத்தனை ஆண்டுகளும் மிஞ்சியிருக்கும்.

மறுநாள் காலை அவள் ஆய்வகத் தலைவரின் அறைக்குப் போனாள். தீதியும் அங்கே இருந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. மேடம் கோபப்படவும் இல்லை, தேற்றவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எந்தத் தேதி?"

குறிப்பேட்டில் இல்லை. தோழியின் வாட்ஸ்அப் செய்தியில் இருந்தது. 'கீழே வந்து குடுவையை வாங்கிக்கொள்' என்ற ஒரு வரி. ஏப்ரல் 9, மாலை 6 மணி 10 நிமிடம்.

தேதி கிடைத்ததும் வேலை தொடங்கிற்று. ஏப்ரல் 9க்கு முன்னும் பின்னும் தீதி தன் ஒவ்வொரு சோதனையிலும் மைனஸ் 80 பாகையில் எடுத்துவைத்திருந்த செல் படிவுகளைத் தேடி எடுத்தனர். அவற்றைப் பிசிஆரில் சோதித்தபோது மார்ச் மாதத்துப் படிவுகள் அனைத்தும் தூய்மையாக இருந்தன. ஏப்ரல் 3இன் படிவும் தூய்மை. ஏப்ரல் 24இன் படிவில் மங்கலான கோடு தெரிந்தது. மூன்றாம் இயலின் முக்கியச் சோதனைகள் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நடந்தவை. அவை நின்றன. ஏப்ரல், மே மாதத்து வேலை மட்டும் எறியப்பட்டது. நான்கு மாதம் இழக்க வேண்டியவர் ஏழு வாரத்தை இழந்தார். சொல்லாமல் விட்டிருந்தால் நான்கையும் திரும்பச் செய்திருப்பார். அல்லது, இன்னும் மோசமாக, எதையும் எறிய மனம் வராமல் அனைத்தையும் வெளியிட்டிருப்பார்.

குடுவைகள் எல்லாம் வெளுப்புக் கரைசலில் ஊறவைக்கப்பட்டு ஆட்டோகிளேவுக்குப் போயின. இன்குபேட்டரின் தட்டுகள் கழற்றிக் கழுவப்பட்டன. ஜனவரிக் குப்பிகள் உருக்கப்பட்டன. மாணவி மாவ்ஷியிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். அவர் மராத்தியில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, கழுவ வேண்டிய தட்டுகளில் பாதியை அவளிடம் தள்ளினார். தீதி இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. ஏழு வாரம் ஏழு வாரம்தான். உண்மையைச் சொன்னதற்காக எவரும் அதைத் திருப்பித் தந்துவிட முடியாது. பிறகு ஒருநாள் அவர் தாமாகவே வந்து, திறந்த புட்டிக்கு மேலே அவளுடைய இடக்கை மறுபடியும் குறுக்கே போகிறது என்று சுட்டிக்காட்டினார். பேச்சு அங்கிருந்து தொடர்ந்தது.

இப்போது அந்த ஆய்வகத்தின் பொது இன்குபேட்டர் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. உள்ளே வைக்கும் ஒவ்வொரு குடுவைக்கும் தேதி, பெயர், எங்கிருந்து வந்தது என்ற மூன்று பத்திகள். நான்காவது பத்தியின் தலைப்பு 'ஐயம்'. மூடி கீழே விழுந்தது, தும்மல் வந்தது, பிப்பெட் எதிலோ பட்டது போலிருந்தது என்பவற்றையெல்லாம் அதில் எழுதலாம். எழுதியதற்காக யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்பது மேடத்தின் விதி. முதல் மாதம் அந்தப் பத்தி வெறுமையாகவே இருந்தது. முதல் வரியைத் தீதி எழுதினார். அதன் பிறகு நிரம்பத் தொடங்கிற்று. மைக்கோபிளாஸ்மா சோதனையும் மாதந்தோறும் நடக்கிறது.

சென்ற ஜூலையில் புதிய மாணவன் ஒருவன் சேர்ந்தான். அவனுக்குப் பயிற்சி தரும் பொறுப்பு அவளுக்கு வந்தது. செல்கள் இல்லாத ஐந்து குடுவைகளை, ஆன்டிபயாடிக் சேர்க்காத செந்நிற ஊடகத்தோடு, அவன் கையில் கொடுத்தாள். நான்காம் நாள் ஒன்று மஞ்சளாகியிருந்தது. அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சற்றுத் தயங்கி, "நேற்று இந்தக் குடுவையின் மூடி கை நழுவி மேசையில் விழுந்தது. எத்தனால் தெளித்து மறுபடி போட்டுவிட்டேன். எழுதவில்லை" என்றான்.

வாரம் முடிய இன்னும் மூன்று நாட்கள் இருந்தன. அவள் திரவ நைட்ரஜன் கலத்தைத் திறந்து அவனுக்காக ஒரு குப்பியை எடுத்தாள்.